சேலத்துக்கு வந்த கௌபாய்ப் பட இயக்குநர்: வில்லியம் பெர்க்

கேள்வி – ஏற்காடு சாலைக்காரன்:
மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து எடுத்து 1952இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ (தமிழில் ‘காடு’) படத்தின் இயக்குநர் வில்லியம் பெர்க், அதற்கு முன் ஏராளமான கௌபாய்ப் படங்களை எடுத்தவராம். குதிரையும் துப்பாக்கியுமாகவே காலம் தள்ளிய ஒருவர் சேலத்துப் படத்துக்கு எப்படிப் பொருந்தினார்? விவரம் தெரிந்த பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – அஸ்தம்பட்டி வாசகர்:
1903இல் மில்வாக்கியில் பிறந்த பெர்க், மௌனப் பட காலத்திலேயே திரைத்துறைக்கு வந்து, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கௌபாய்ப் படங்களில் தொழில் பழகியவர். 1940களின் தொடக்கத்தில் கொலம்பியா நிறுவனத்துக்காக சார்லஸ் ஸ்டாரெட் நடித்த படங்களை அடுத்தடுத்து இயக்கினார். இவ்வகைப் படங்களை மிகக் குறுகிய நாட்களில் முடித்தாக வேண்டும். ஒரே பாறைச் சரிவைக் கோணம் மாற்றிப் பல காட்சிகளுக்குப் பயன்படுத்தும் சிக்கனம் இயக்குநருக்குக் கைவந்திருக்க வேண்டும். 1948இல் ஜானி வைஸ்முல்லரை வைத்து ‘ஜங்கிள் ஜிம்’ எடுத்ததால் காட்டுக் கதையும் அவருக்குப் புதிதல்ல.

பதில் – கொல்லிமலையான்:
சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை டி.ஆர்.சுந்தரம் நடத்தியதும் ஏறக்குறைய அதே முறையில்தான். படப்பிடிப்புத் தளமும் தொழிலாளர்களும் ஒரே வளாகத்தில் இருக்க, கட்டுப்பாட்டோடும் வேகத்தோடும் படம் முடிக்கும் நிறுவனம் என்று பெயர் பெற்றிருந்தது. அமெரிக்க இயக்குநர்களும் சேலத்துக்குப் புதியவர்களல்லர். 1950இல் வெளிவந்த ‘மந்திரிகுமாரி’யை இயக்கியதில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனின் பங்கு அனைவரும் அறிந்ததே. என் பார்வையில் ‘காடு’ வேடம் மாற்றிய கௌபாய்ப் படம். கௌபாய்ப் படங்களில் புகழ்பெற்ற ராட் கேமரன் வேட்டைக்காரராக வர, இளவரசியின் தலைமையில் ஒரு கூட்டம் ஆபத்தான நிலப்பரப்புக்குள் பயணம் போகிறது. கௌபாய்ப் படங்களில் குதிரை வண்டித்தொடர் பாலைவனத்தைக் கடக்கும் கதையின் அச்சு அசல் அதுவே. கடைசியில் வரும் ஆதிகால மாமத்துகள் (ரோம யானைகள்), அடர்ந்த ரோமம் போர்த்திய நம் யானைகள்தாம். அந்த வேடம் பிசிறடித்தாலும், யானைகள் நிஜமாகவே அசைவதால் காட்சிக்கு ஒரு கனம் கிடைத்துவிடுகிறது.

கேள்வி – ஏற்காடு சாலைக்காரன்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஜெய்சங்கர் நடித்த தமிழ்க் கௌபாய்ப் படங்களுக்கும் பெர்க்தான் வித்திட்டார் எனலாமா?

பதில் – அஸ்தம்பட்டி வாசகர்:
அப்படிச் சொல்ல இடமில்லை. ஜெய்சங்கரை வைத்து 1970இல் ‘காலம் வெல்லும்’ எடுத்த இயக்குநர் கர்ணனின் முன்னோடிகளை 1960களின் இத்தாலியக் கௌபாய்ப் படங்களில் தேடுவதே பொருத்தம். பெர்க் 1958இலேயே காலமாகிவிட்டார். அவ்வாண்டு வெளிவந்த ‘தி லாஸ்ட் மிசைல்’ படத்தின் இயக்குநராக அவருடைய மகன் லெஸ்டரின் பெயரே காணப்படுகிறது.