பூங்காவுக்குப் பூட்டு, சாவி யாரிடம்? கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர், கடலூர் புறநகர்

உங்கள் பக்கத்துப் பூங்கா, மைதானம், கடற்கரை எதுவானாலும் அங்கே உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். "யாரும் கவனிப்பதில்லை" என்று பொதுவாகத் திட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. இங்கே நடந்ததைச் சொன்னால் போதும். முதலில் என் கதை.

மனை வாங்கும்போது புரோக்கர் விரித்துக் காட்டிய வரைபடத்தில் வடகிழக்கு மூலைக்குப் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்தது. "பிள்ளைங்க விளையாட இடம் இருக்கு பாருங்க சார்" என்று அதற்கும் சேர்த்தே விலை சொன்னார். வீடு கட்டிக் குடிவந்தபோது அந்த மூலையில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. சாலையோரமாக யாரோ ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டி வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார். மிச்ச இடம் மாடுகளுக்கு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், சாலைகள் போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதை உள்ளாட்சியின் பெயருக்குத் தான பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி அனுமதி. அலுவலகங்களில் இதை ஓ.எஸ்.ஆர். என்பார்கள். அந்த இடம் மனை போட்டவருக்கும் சொந்தமில்லை, எதிர்வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருக்க, நான் போன அலுவலகத்தில் ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "பேப்பர்ல பூங்கா இருக்கு சார். நிலத்துல இல்லையே" என்றார். கிண்டல் செய்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வரைபட நகலும் தான பத்திர எண்ணும் வாங்கினோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இரண்டையும் சேர்த்து மனுவாகக் கொடுத்தோம். பத்திர எண் இல்லாமல் கொடுத்த மனுக்கள் எங்கே போயினவோ. எண்ணோடு கொடுத்தது மட்டும் நகர்ந்தது.

சர்வேயர் வந்தபோது தெருவே கூடிவிட்டது. முள்ளை வெட்டிக்கொண்டே போனால் மண்ணுக்குள் பாதி புதைந்த எல்லைக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அதிலிருந்து அளந்தார். ஜல்லி வியாபாரியே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அளந்து முடித்ததும், "சரி சார், லோடு வித்ததும் காலி பண்ணிடறேன்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் எதிர்பார்த்த சண்டை நடக்கவே இல்லை.

அப்புறம் வேலி வந்தது, நடைபாதை வந்தது, ஊஞ்சல், சறுக்குமரம், சிமென்ட் பெஞ்ச் எல்லாம் வந்தன. இரும்புக் கேட்டும் வந்தது. கேட்டில் ஒரு பூட்டும் தொங்கியது. சாவி வேலை எடுத்த ஒப்பந்தக்காரரிடம், ஒப்பந்தக்காரர் வெளியூரில். பிள்ளைகள் வேலி ஏறிக் குதித்து விளையாடினார்கள். பெரியவர்கள் வெளியே நின்று பெஞ்சைப் பார்த்தார்கள்.

சாவியை வாங்கிய பிறகு யாரிடம் கொடுப்பது என்று நலச்சங்கத்தில் பெரிய விவாதம். தலைவர் ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க மாட்டார். செயலாளர் வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவார். கடைசியில் முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் போனது. காலையில் கரி மூட்ட வருபவர் முதலில் கேட்டைத் திறக்கிறார். இரவு துணிகளைக் கட்டிவிட்டுப் பூட்டுகிறார். சங்கம் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. பிரச்சினை அதோடு தீர்ந்தது.

உங்கள் பூங்காச் சாவி யாரிடம் இருக்கிறது? அதையும் எழுதுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய், கடலூர் துறைமுகம் பகுதி

அண்ணா, நீங்கள் சாவி கதை சொன்னீர்கள். நான் சங்கிலி கதை சொல்கிறேன்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே இரும்பு எதுவும் நிற்காது. உப்புக்காற்று தின்றுவிடும். பூங்காவில் ஊஞ்சல் வைக்கும்போது பளபளவென்று மஞ்சளும் சிவப்பும் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஓரிரு மழைக்காலம் போனதும் பெயின்ட் வெளியே நன்றாகவே இருக்கும், உள்ளே துரு பொருக்குப் பொருக்காக வரும். சங்கிலியின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே குறுக்குக் கம்பியில் மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். அங்கேதான் இரும்போடு இரும்பு உரசி, துத்தநாகப் பூச்சு போய், கொக்கி பாதியாகத் தேய்ந்திருக்கும். பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன்னால் நான் இரண்டு சங்கிலியையும் பிடித்துத் தொங்கிப் பார்ப்பேன். என் எடையைத் தாங்கினால் என் பெண்ணைத் தாங்கும். அங்கிருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒருமுறை அப்படித் தொங்கியபோது ஒரு பக்கக் கொக்கி கையோடு வந்துவிட்டது. அன்று சிரிக்க ஆளில்லை.

இன்னொரு சங்கதி, தகரச் சறுக்குமரம். சித்திரை, வைகாசியில் மாலை நான்கரைக்குக்கூடத் தொட முடியாது. கிழக்கு மேற்காக வைக்காமல் ஒரு மரத்தடியில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? பூங்கா கட்டுபவர்கள் முதலில் இருக்கிற வேப்பமரத்தை வெட்டிவிட்டு அப்புறம் அலங்காரச் செடி நடுகிறார்களே, அது ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

கழிப்பறை பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கட்டியிருக்கிறது, பூட்டியிருக்கிறது. சின்னப் பிள்ளையோடு வரும் பெண் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டியதுதான்.

எங்கள் பூங்காவில் சீட்டாடும் தாத்தாக்கள் கூட்டம் ஒன்று உண்டு. பகல் முழுக்க நிழலான பெஞ்ச் எல்லாம் அவர்களுக்குத்தான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "வீட்டில் உட்கார்ந்து ஆடக் கூடாதா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். ஒருவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் வூட்ல இருந்தா மருமவ எங்கம்மா டிவி பாக்கும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது ஓர் உடன்படிக்கை இருக்கிறது. நாலு மணிக்கு மேல் ஊஞ்சல் பக்கத்துப் பெஞ்ச் எங்களுக்கு. பிள்ளைகளின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போகாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது பாதி அவ்வளவாக நடப்பதில்லை.

ஓய்வுபெற்றவர், புதுச்சேரி

எங்கள் ஊரில் பூட்டே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் நடப்பவர்களுக்குத்தான். ஒன்றரை கிலோமீட்டர் சாலை, அதில் கேட்டு கிடையாது, டிக்கெட் கிடையாது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்று பேரனுக்குச் சொல்வேன். அவனுக்கு அவற்றைச் சுற்றி ஓடத் தெரிந்தால் போதும். தெற்குக் கோடிக்குப் போனால் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் சிலை. எந்த ஆட்சி வந்தாலும் மக்கள் காற்று வாங்கத்தான் வந்தார்கள்.

பாரதி பூங்காவுக்கும் போவதுண்டு. நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. தன் வீட்டை இடித்த இடத்தில் குளம் வெட்டிய தாசி ஆயியின் பெயர் அதற்கு. தண்ணீருக்காகக் கட்டிய மண்டபத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு இன்று எல்லோரும் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்.

நான் சொல்ல வந்தது பெத்தாங். மற்ற ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா வீட்டுக்காரர்கள் இங்கே அதிகம், அவர்களோடு ஊன்றிய ஆட்டம் இது. மைதானம் வேண்டாம், புல்தரை வேண்டாம். கொஞ்சம் கெட்டியான மண் இருந்தால் போதும். சின்ன மரக்குண்டு ஒன்றை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்துக்குள் போடுவார்கள். அரை மீட்டர் வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று, இரும்புக் குண்டை அதன் பக்கத்தில் விழும்படி எறிய வேண்டும். இரும்புக் குண்டு 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை இருக்கும். எதிராளியின் குண்டை அடித்துத் தூக்குவதும் ஆட்டம்தான். எந்த அணி முதலில் 13 புள்ளி எடுக்கிறதோ அதற்கு வெற்றி. எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரனைத் தோற்கடிக்கக்கூடிய ஆட்டம் வேறு எது?

நான் ஆடும் இடத்துக்கு ஒரு பையன் வந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கடலூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவனாம். "கோலி மாதிரிதானே தாத்தா?" என்றான். ஒரு குண்டைக் கையில் கொடுத்தோம். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி எறியச் சொல்லிக்கொடுப்பதற்குள், கோலி அடிப்பதுபோலவே குனிந்து குறிபார்த்து விட்டான் பாருங்கள், என் குண்டு போய்ச் செடிக்குள் விழுந்தது. என் கூட்டாளிகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சாவி பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் ஆடும் இடத்துக்குச் சாவி இல்லை. குண்டுகளை வைக்கும் பெட்டிக்குத்தான் இருக்கிறது. அது என்னிடம்.

இளைஞர், கடலூர் புதுப்பாளையம்

சுருக்கமாக. எங்கள் பக்கத்தில் எட்டு வடிவ நடைபாதை போட்டார்கள். எட்டு போட்டு நடந்தால் சர்க்கரை குறையும் என்று எல்லோரும் வருகிறார்கள், குறைகிறதா என்று தெரியாது, நடப்பது நல்லதுதான். பிரச்சினை நடுவில். எட்டின் இடுப்பில் இரண்டு பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்கிறது இல்லையா, காலை ஆறு மணிக்கு அங்கே டிராபிக் போலீஸ் வேண்டும். ஓர் அங்கிள் வலப்பக்கமாகத்தான் தொடங்க வேண்டும் என்பார், இன்னொருவர் அப்படியே எதிர்ப்பக்கம். இருவரும் தினமும் நடுவில் சந்தித்து, "முதல்ல நீங்க போங்க" என்று நிற்பார்கள். ஒருவரை ஒருவர் முந்தாத மரியாதை. பின்னால் நிற்கும் நாங்கள்தான் ஓடி வந்த வேகம் எல்லாம் போய் நிற்க வேண்டும்.

ஓட வேண்டுமென்றால் மஞ்சக்குப்பம் மைதானம், அல்லது சில்வர் பீச். மணலில் ஓடினால் கெண்டைக்கால் பேசும்.

இல்லத்தரசி, குண்டு உப்பலவாடி பக்கம்

பூங்கா எங்கள் ஊருக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள், ஆறு இருக்கிறதே என்று. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் பெண்ணையாற்றுக்கு வரும். மணல் முழுக்கக் கடை. சிறுவள்ளிக்கிழங்கும் சுருளி அப்பளமும் வாங்காமல் யாரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். ராட்டினம் சுற்றும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி, அங்கேயும் இதே கதை.

ஆனால் அது ஒரு நாள். மறுநாள் என் மாமியார் முழங்கால் வலியோடு எங்கே போய் உட்காருவார்? மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவர் கேட்பது சாய்மானம் வைத்த ஒரு பெஞ்ச், கைப்பிடியோடு. சாய்மானம் இல்லாத பெஞ்சுகளை யார் யாருக்காகக் கட்டுகிறார்கள் என்று எனக்கும் புரியவில்லை. கொடையாளர் பெயர் எழுதச் சாய்மானம் இருந்தால் இன்னும் இடம் கிடைக்குமே.

எங்கள் மனைப்பிரிவிலும் மூலையில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது. அது பூங்காவா, யாருடைய மனையா என்று தெரியவில்லை. முதலில் எழுதிய அண்ணன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொடங்கி வைப்பவர்

சொல்கிறேன் அம்மா. உங்கள் கிரயப் பத்திரத்தை எடுங்கள். கடைசியில் சொத்து விவரம் என்று இருக்கும் பகுதியில் சர்வே எண்ணோடு மனைப்பிரிவு அனுமதி எண்ணும் இருக்கும். எண்ணே இல்லையென்றால் அது அனுமதி பெறாத பிரிவாக இருக்கலாம், அதற்கு வழி வேறு, தனியாகப் பேசுவோம். எண் இருந்தால் அதைக் குறிப்பிட்டு, அனுமதித்த வரைபடத்தின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் பூங்கா அமைக்கவில்லை?" என்று மனுவில் கேட்காதீர்கள். கேள்விக்குப் பதில் வராது, ஆவணத்தைக் கேட்டால்தான் வரும்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அந்த மூலை இடத்தின் சர்வே எண்ணைப் போட்டு, மனைப்பிரிவு போட்ட ஆண்டிலிருந்து தேடுங்கள். தானம் எழுதியிருந்தால் எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் உள்ளாட்சியின் பெயர் தெரியும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள். எங்களுக்குப் பழைய எண்ணில்தான் கிடைத்தது.

பெஞ்சுக்குச் சாய்மானம் வேண்டும் என்பதை மதிப்பீடு போடும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு சிமென்டில் சேர்க்க முடியாது. எங்கள் பூங்காவில் இல்லை.