கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி-க்கு: என் யூனிட்டுகளில் எத்தனை சேரும்?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் குவார்ட்டர் முறை (வருஷத்துக்கு மூன்று முக்கியப் பருவம்) கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷக் கல்லூரி) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். 92 யூனிட் (பாடங்களின் எடை அளவு) முடியப்போகிறது. அடுத்த ஃபாலில் (இலையுதிர்காலப் பருவம்) யூசி-க்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாறத் திட்டம். 92-ம் அப்படியே சேருமா? கால்குலஸின் கடைசிப் பாடத்தை மட்டும் பக்கத்து செமஸ்டர் (வருஷத்துக்கு இரண்டு பருவம்) காலேஜில் எடுக்கலாமா? ஒரு பாடத்தில் டி கிரேடு வேறு இருக்கிறது.

பதில் 1:
யூனிட் சேருவது வேறு, அந்தப் பாடம் உங்கள் மேஜருக்கு (முதன்மைப் பாடப்பிரிவு) பயன்படுவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

முதலில் எண்ணிக்கை. ஜூனியராக, அதாவது மூன்றாம் வருஷ மாணவராகச் சேர, யூசி ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். உங்கள் 92-ஐ மூன்றில் இரண்டாக்கினால் 61 சொச்சம். மயிரிழையில்தான் தாண்டுகிறீர்கள், 92-க்குள் யூசி ஏற்காத ஒரு பாடம் இருந்தாலே குறைந்துவிடும். மேல்வரம்பு 70 செமஸ்டர் யூனிட். அதைத் தாண்டினால் அட்மிஷன் போகாது. கூடுதல் யூனிட் எண்ணிக்கையில் சேராதே தவிர, அந்தப் பாடம் தேவையை நிறைவு செய்யும்.

அடுத்தது மேஜர். எந்தக் காலேஜ் பாடம் எந்த யூசி பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜ், போகும் கேம்பஸ், மேஜர் மூன்றையும் தேர்ந்து, பாடம் எடுத்த கல்வியாண்டின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இடப்பக்கம் யூசி பாடம், வலப்பக்கம் உங்கள் காலேஜ் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'அண்ட்' இருந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் யூனிட் கிடைக்கும், மேஜர் தேவை தீராது. அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள்.

பதில் 2:
கால்குலஸை நடுவில் மாற்றாதீங்க. குவார்ட்டரில் மூணா பிரிச்சதை செமஸ்டரில் ரெண்டாப் பிரிப்பாங்க. மாறினா சில தலைப்பு ரெண்டு தடவை வரும், சில தலைப்பு வராமலே போயிடும். தொடரை ஒரே காலேஜில் தொடங்கி அங்கேயே முடிக்கிறதுதான் பாதுகாப்பு. ஃபிசிக்ஸுக்கும் இதேதான். சேர்வதற்கு முந்தைய கோடைக்குத் தள்ளவும் வேண்டாம். அடிப்படைத் தேவைகளை அதுக்கு முந்தின ஸ்பிரிங்கிலேயே (வசந்தகாலப் பருவம்) முடிச்சிருக்கணும்.

டி கிரேடு: யூசி-க்கு மாற குறைந்தபட்சம் முடிக்க வேண்டிய ஏழு பாடத் தேவைக்கும் கால்கெட்சிக்கும் (பொதுக் கல்விப் பாடத் தொகுப்பு) சி வேணும். திரும்ப எடுத்து சி அல்லது அதுக்கு மேல வாங்கினா, ஜிபிஏ-வில் யூசி புது கிரேடையே எடுத்துக்கும்.

பதில் 3:
மேலே சொன்னதோடு டாக் (மாறுபவர்களுக்கு இடத்தை உறுதி செய்யும் திட்டம்) பற்றியும் காலேஜ் கவுன்சிலரிடம் பேசுங்கள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி கேம்பஸ்கள் நிபந்தனைகளோடு இடத்தை உறுதி செய்கின்றன. ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் போடலாம். டாக் விண்ணப்பத்தை செப்டம்பர் 1 முதல் 30-க்குள் முடிக்க வேண்டும். எல்லா மேஜருக்கும் கிடையாது, கம்ப்யூட்டர் சயின்ஸைப் பல இடங்களில் விலக்கியிருக்கிறார்கள். அதை முதலில் பாருங்கள்.

படித்த எல்லா காலேஜையும் யூசி விண்ணப்பத்தில் காட்ட வேண்டும், ஒரே ஒரு பாடம் எடுத்ததானாலும் சரி. ஜனவரியில் ஃபால் கிரேடுகளையும் ஸ்பிரிங் பாடத் திட்டத்தையும் புதுப்பிக்கச் சொல்வார்கள். ஸ்பிரிங்கில் எதையாவது விட்டால் உடனே கேம்பஸுக்குத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டது கடைசி டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால், கிடைத்த அட்மிஷனையே ரத்து செய்யலாம்.