தோட்டக் குடிகள் ஏன் தொழுதுகொண்டு ஓடினார்கள்?

பால்மரத்து மகள், சுங்கை சிப்புட், மலேசியா:
கோயிலில் சனிக்கிழமை தேவார வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் துணிச்சலாகத் திருமூலரின் திருமந்திரத்தில் 9ஆம் தந்திரத்தை, அதாவது ஒன்பதாம் பகுதியை, திறந்துவிட்டேன். அதில் சூனிய சம்பாஷணை, மறைபொருளில் பேசும் புதிர்ப் பாட்டுகள்.

வழுதலை வித்திடப் பாகல் முளைத்தது
புழுதியைத் தோண்டினேன் பூசணி பூத்தது
தொழுதுகொண் டோடினார் தோட்டக் குடிகள்
முழுதும் பழுத்தது வாழைக் கனியே

வழுதலை என்றால் கத்தரி. அதோடு என் சரக்கு தீர்ந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், தோட்டத்த வித்துட்டாங்களா? அதான் ஓடுறாங்களா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்றதாகவே இருக்கட்டும், ஓடுகிறவர் எதற்குத் தொழ வேண்டும்?

பழைய கிராணி:
அம்மா, பொதுவாகச் சொல்லும் பொருள் இதுதான். வழுதலை வித்து யோகப் பயிற்சி. பாகல் வைராக்கியம், உலகம் கசந்துபோகிறது. புழுதி தத்துவங்கள், அதை ஆராய்ந்து தோண்டினால் பூசணி, அதாவது சிவம். தோட்டம் உடம்பு, குடிகள் இந்திரியங்கள். வாழைக்கனி பேரின்பம்.

செம்பனைத் தம்பி:
ஐயா, இவ்வளவுதான் என்றால் நேராகவே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கத்தரிக்காய்? அக்கா கேட்ட 'தொழுது' மட்டும் அப்படியே நிற்கிறது.

லயத்துப் பேத்தி:
எங்கள் ஆத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துத் துரையின் மோட்டார் சத்தம் கேட்டால் நிரையில், மரவரிசையில், நின்று ஒரு கும்பிடு, அடுத்த நிமிடம் ஆளைக் காணோம் என்பார். அதுவரை அந்தக் காடே அவர்களுடையதுதான், பாட்டென்ன, வெற்றிலையென்ன! உடையவன் வந்ததும் இந்திரியங்களுக்கும் அதே கதிதான் என்று நினைக்கிறேன்.

பழைய கிராணி:
நாற்பது வருடம் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டவன் நான். எனக்கு இது தோன்றவில்லை, பாருங்கள்.

பால்மரத்து மகள்:
பேத்தி சொன்னதும்தான் எனக்குப் பாட்டு அசைந்தது. ஆனால் பையனிடம் இதை அப்படியே சொல்ல மாட்டேன். நேற்று அவன் பாட்டியைக் கடையில் பார்த்தேன். தோட்டம் கைமாறி லயத்து வீட்டை, தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்ன அன்று, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் லோரியில் ஏறினாராம். இதை வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். அவனுக்குத் 'தொழுதுகொண் டோடினார்' என்பதில் புதிராக ஒன்றுமே இல்லை! நான்தான் உரையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரும் சனிக்கிழமை முதலில் அவனைப் பேச விடுகிறேன். பூசணிக்கு அப்புறம் வரலாம்.