பூர்வீக வீட்டை விற்கப் புரோக்கர் வைக்கலாமா? செட்டிநாட்டுப் பக்கம் விற்றவர்களின் அனுபவங்கள்

கோட்டையூர்க்காரர், இப்போது சென்னை:

பாட்டையா கட்டிய வீடு. ஐந்து பங்காளிகள், ஊரில் ஒருவரும் இல்லை. வாட்ச்மேன் சம்பளம், ஓடு மாற்றும் செலவு என்று வருடா வருடம் போய்க்கொண்டிருக்கிறது. விற்றுவிடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. காரைக்குடியில் ஒரு புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்கிறார். இன்னொருவர், "உங்களுக்கு நெட்டா எவ்வளவு வேணும், அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்கிறார். எங்கள் சித்தப்பாவோ, "நம்ம வீட்டை நாமளே விக்கத் தெரியாதா, எதுக்குக் கமிஷன்?" என்கிறார். விற்று முடித்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்:

தம்பி, கமிஷன் பேசுவதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுப் பட்டா ஐயா (தாத்தா) பெயரிலேயே கிடந்தது. அப்பச்சியும் (அப்பா) பெரியப்பச்சியும் இந்தக் கட்டு உனக்கு, அந்த அறை எனக்கு என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டதோடு சரி, எழுத்தில் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு வாய்த்த புரோக்கர் நல்ல சுறுசுறுப்பு. மதுரையிலிருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தார். முகப்பையும் முற்றத்தைச் சுற்றிய வளவையும் பார்த்ததுமே அவர்களுக்குப் பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கவும் தயார். அவர்களுடைய வக்கீல் வாரிசுச் சான்றைப் புரட்டிவிட்டு, "பெண்மக்கள் கையெழுத்து எங்கே?" என்றார். போனவர்கள் போனவர்கள்தான்.

சீர் கொடுத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வீட்டில் பங்கில்லை என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று 2005-ல் சட்டம் திருத்தியாகிவிட்டது. திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை செய்து பதிவும் செய்திருந்தால் அது செல்லும். வாய்ப்பேச்சுப் பிரிவினையை நம்பி யார் பணம் போடுவார்கள்? நானும் அந்த வீட்டுப் பெண்தான். என் கையெழுத்தைக் கேட்காமல் விலை பேசியது எனக்கே வருத்தமாக இருந்தது.

மலேசியாவில் இருக்கும் அயித்தைக்கும் அதே மனத்தாங்கல். விற்க வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அண்ணன் நேரில் போய்ப் பேசிய பிறகு, தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி அனுப்பினார். அடுத்து, முன்னோரை நினைத்துக் கும்பிடும் படைப்பை இனி எந்த வீட்டில் வைப்பது என்ற பேச்சு. அது முடியாமல் பங்காளிகள் யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். மேல்தலைமுறையில் ஒருவர் சுவீகாரம் வந்தவர், அதற்கான பத்திரத்தையும் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேலையைக்கூடப் புரோக்கரால் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. குடும்ப விஷயம் வெளியாள் வாயில் போனால் வேறு மாதிரி ஆகிவிடும்.

கையெழுத்தெல்லாம் சேர்ந்த பிறகு அதே புரோக்கரைத்தான் மறுபடி கூப்பிட்டோம். ஆனால் வீடாக வாங்குபவர் மட்டும் வரட்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் முதலில் வருவது மர வியாபாரிதான். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். புரோக்கருக்கும் கமிஷன் சீக்கிரம் கிடைக்கும். பிறகு வீட்டைப் பிரித்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக வைத்து விற்பார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் இடிப்பது நிற்கவில்லை. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் போல வீட்டை வீடாகவே வைத்து விடுதி நடத்துபவர்களும் உண்டு. அப்படி வாங்குபவர் வரக் காலம் பிடிக்கும். எங்களுக்கும் பிடித்தது. காத்திருந்ததில் எனக்கு மனநிறைவு.

கழனிவாசல் பக்கம் மனை விற்றவர்:

வீடு வேறு, மனை வேறு. என் பெயரில் தனிப் பட்டா, நான் வாங்கிய பத்திரம், வில்லங்கம் சுத்தம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், வாங்க வந்தவரும் பார்த்துக்கொண்டார். பக்கத்து மனைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அவருடைய மைத்துனரே வாங்கிக்கொண்டார். பத்திர எழுத்தர் கூலி தவிர எனக்குச் செலவில்லை. இதற்கெல்லாம் புரோக்கர் தேவையே இல்லை.

ஒரு சங்கடம் மட்டும் வந்தது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குபவர் கட்டுகிறார். அதனால் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கியவர் தலையில்தான் அதே அளவு அபராதம் விழும். இதைச் சொல்லி மறுத்ததும் வங்கி வழியாகவே கொடுத்தார். நடுவில் ஆள் இருந்திருந்தால் "எல்லாரும் இப்படித்தான் சார்" என்று என்னைச் சரிக்கட்டப் பார்த்திருப்பார்.

சிங்கப்பூரிலிருந்து:

வெளிநாட்டில் இருப்பவருக்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் புரோக்கர் பவரைத் தன் பெயருக்கே எழுதச் சொன்னார். "நீங்க வரவே வேண்டாம், நானே முடிச்சிடறேன்" என்றார். விற்கும் அதிகாரமும் வாங்குபவரோடு விலை பேசும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்தால் நமக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? மச்சான் பெயருக்கு எழுதி, இங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

வரி விஷயம் புரோக்கருக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. விற்பவர் உள்நாட்டுக்காரர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடிப்பார். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் தொகை எதுவானாலும் பிடித்தாக வேண்டும், விகிதமும் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிட்டால் பணம் முடங்காது. பூர்வீக வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். இவ்வளவும் ஆடிட்டர் சொல்லித் தெரிந்தது. அவருக்குக் கொடுத்த பணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை.

நான் புரோக்கர்தான், காரைக்குடி:

எல்லாவற்றையும் படித்தேன். ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கையெழுத்துச் சேராத வீட்டைக் கையில் எடுத்தால் எங்களுக்கும் நஷ்டம்தான், பெட்ரோல் காசுகூடத் திரும்பாது.

எங்கள் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, வௌவால் எச்சத்தைக் கழுவி, பின்கட்டுக் கிணற்றடியில் புதர் வெட்டி, கரண்ட் இணைப்பைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் காட்ட முடியும். நம் வீடுகள் ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீள்கின்றன. பத்திரத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் பல வீட்டில் ஒத்துவராது. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, பக்கத்து வீட்டாரிடம் சுவர்த் தகராறைப் பேசி முடிக்க, ஊரில் இருப்பவனால்தான் ஆகும். இத்தனையும் செய்த பிறகு பார்ட்டி எங்களைத் தாண்டி நேரே உங்களுக்குப் போன் போடுவார். "புரோக்கரை விடுங்க, ரெண்டு பேரும் பேசிக்குவோம்" என்பார். அந்தக் கமிஷனை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது.

கோட்டையூர்க்காரருக்கு: நெட் ரேட் சொன்னவரை விட்டுவிடுங்கள். நீங்கள் 60 லட்சம் என்பீர்கள், அவர் 75-க்குப் பேசுவார். நடுவில் இருக்கும் 15 எந்தக் கணக்கிலும் வராது, அதை ரொக்கமாகத்தான் வாங்கியாக வேண்டும், பிறகு வம்பு. அதைவிட மோசம், சின்ன அட்வான்ஸ் கொடுத்துத் தன் பெயரிலோ தன் ஆள் பெயரிலோ கிரய ஒப்பந்தம் பதிவு செய்துகொள்வது. அது வில்லங்கத்தில் ஏறிவிடும். அதை ரத்து செய்து பதியாமல் வேறு யாரும் வாங்க முன்வரமாட்டார்கள், நீங்கள் அவரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

சதவீதம் பேசுங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். கமிஷன் பத்திரப்பதிவு அன்றுதான், அட்வான்ஸ் அன்று கிடையாது. யார் யாரைக் கூட்டிவந்தேன் என்று நான் வாட்ஸ்அப்பில் பெயர் அனுப்புவேன், அவர்களில் ஒருவர் வாங்கினால் எனக்கு உண்டு, நீங்களாகப் பிடித்த ஆளுக்கு இல்லை. வாங்குபவரிடமும் நான் வாங்குகிறேனா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்பவர்கள் உண்டு. அது ரெராவில் பதிவான மனைப்பிரிவு, அடுக்ககத் திட்டங்களில் விற்கும் முகவருக்குக் கட்டாயம். தனி வீட்டு மறுவிற்பனைக்கு அது பொருந்தாது. எனவே எண்ணை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். அவர் மூலம் விற்ற இரண்டு குடும்பத்தாரிடம் பேசிப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கோட்டையூர்க்காரர்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் வாரிசுச் சான்றும் அயித்தைமார் கையெழுத்தும், பிறகு சதவீதக் கணக்கில் ஒரு புரோக்கர் என்று சித்தப்பாவிடம் பேசி முடித்துவிட்டேன். அவரும் சரி என்றார். ஆச்சி, வீட்டுக்குள் இருக்கும் சாமான்களை என்ன செய்தீர்கள்?

தேவகோட்டை ஆச்சி:

அதை விலை பேசுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஊஞ்சல், பெட்டகம், பெல்ஜியம் கண்ணாடி, ஐயாக்கள் படம், பித்தளைச் சாமான் எல்லாம் "வீட்டோடு சேர்ந்தது" என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார். எது போகிறது, எது நம்முடையது என்று அறை அறையாகப் போட்டோ எடுத்து, பட்டியலைக் கிரய ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டோம். படைப்புப் பேழையை மட்டும் வீடு காட்ட ஆரம்பிக்குமுன்பே பெரியப்பச்சி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டோம். வாட்ச்மேனுக்குப் பாக்கி இருந்தால் பதிவுக்கு முன் கொடுத்து முடித்துவிடுங்கள். வாங்குபவர் அவரையே வேலைக்கு வைத்துக்கொள்வாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள், பாவம், அவரும் அந்த வீட்டில் பல வருஷம் இருந்தவராயிற்றே.