தலைக்காயம்: ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக எழுதலாமா?

கேள்வி (காரைக்குடி வாசகர்):
ஏழு மாதங்களுக்கு முன் தேவகோட்டைச் சாலையில் வண்டியிலிருந்து விழுந்த என் அம்மானுக்கு மதுரையில் மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சென்ற மாதம் பார்த்த மருத்துவர், தலைக்காயத்துக்குப் பின் ஒருவர் எவ்வளவு மீண்டிருக்கிறார் என்று அளக்கும் கிளாஸ்கோ அவுட்கம் ஸ்கேல்படி ‘மிதமான இயலாமை’ என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்த இன்னொருவர் ‘கடுமையான இயலாமை’ என்கிறார். இடையில் அம்மானிடம் ஒரு மாற்றமும் இல்லை. இப்படி வேறுபடுவது வழக்கம்தானா?

பதில் (பிசியோதெரபிஸ்ட், தேவகோட்டை):
வழக்கம்தான். 1975-ல் ஜென்னட், பாண்ட் என்ற மருத்துவர்கள் இருவரும் மரணம் முதல் நல்ல மீட்சி வரை ஐந்து படிகளாக இந்த அளவுகோலை வகுத்தபோது, என்ன கேட்டு முடிவு செய்வது என்று வினாப்பட்டியல் எதுவும் வகுக்காததால், ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைக் கொண்டே படியைத் தீர்மானித்தார்கள். 1998-ல் வில்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் குறிப்பிட்ட கேள்விகளை வகுத்து, 50 நோயாளிகளை இருவர் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஐந்து படிகளில் 92 சதவீதமும், எட்டாக விரித்த அளவுகோலில் 78 சதவீதமும் ஒத்துப்போயின. அதாவது, கேள்விகளை வைத்துக் கேட்டும் எட்டுப் படிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மாறுபாடு வந்தது. உங்கள் இரு மருத்துவர்களும் யாரிடம் என்ன கேட்டார்கள்?

கேள்வியாளர்:
முதலாமவர் அம்மானிடமே, “தனியாகக் கடைக்குப் போகிறீர்களா?” என்றார், அவரும் போவதாகச் சொன்னார். இரண்டாமவர் அத்தையைக் கேட்டார். அம்மான் பையை எடுத்துக்கொண்டு முகப்பைத் தாண்டியதும், அவருக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையன் பின்னாலேயே போவதையும், மீதிச் சில்லறையை அவன்தான் எண்ணி வாங்குவதையும் அத்தை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

பதில் (பிசியோதெரபிஸ்ட், தேவகோட்டை):
அப்படியானால் இரண்டாமவர் எழுதியதே சரி என்பது என் கருத்து. அடுத்தவர் துணையின்றிக் கடைக்குப் போய்வர முடியாதவர் கடுமையான இயலாமைப் படியில்தான் வருவார். தன் குறை தனக்கே தெரியாமல் போவது மூளைக்காயத்தில் சாதாரணம் என்பதால், உடனிருப்பவரையும் கேட்காமல் எழுதக் கூடாது. ஆனால் இந்த அளவுகோல் விபத்துக்கு முந்தைய நிலையோடுதான் ஒப்பிடுகிறது. முன்பும் அவர் கடைக்குப் போகாதவர் என்றால் இந்தக் கேள்வியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கேள்வியாளர்:
வாரச்சந்தைக்கு அம்மான்தான் போவார். கத்தரிக்காய் பொறுக்க அத்தையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அடுத்த முறை அத்தையையும் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டே போகிறோம்.