கூலர் லொறியில டிபிஎஃப் லைட் ஓயாமல் மினுங்குது

முல்லைக் கூலர்:
அண்ணைமார், என்னட்ட இருக்கிறது ஜப்பான் ரீகண்டிஷன் கூலர் லொறி. முல்லைத்தீவுக் கரையில மீன் ஏத்தி, புதுக்குடியிருப்பு, பரந்தன் எண்டு கிளிநொச்சி வரைக்கும் ஓட்டம். டிபிஎஃப் (டீசல் புகையில வாற கரியைப் பிடிக்கிற வடி) லைட் மினுங்கினா நிப்பாட்டி, கரியை எரிக்கிற சுவிட்சை அமத்துவன், எரிச்சு முடிய அணையும். முந்தி எப்பவாவது வந்தது, இப்ப கிழமையில ரெண்டு தரம். உள்ளுக்க இருக்கிறதை உடைச்செடுத்திட்டு கொம்பியூட்டரில ஓஃப் பண்ணலாம் எண்டு ஒரு கராஜில சொல்லுகினம். செய்யலாமோ?

ஏ9 டிரைவர்:
உடைச்சு எறியும் தம்பி. இழுவையும் கூடும்.

மாங்குளத்தான்:
உடைச்சா வருசப் புகைச் சோதனைக்கு ஆர் போறது, நீரோ அவரோ? முதல்ல இதைச் சொல்லும் தம்பி: கரையில போட் வருமட்டும் பிரீசருக்காக எஞ்சினை ஸ்டார்ட்டில விட்டிட்டு நிக்கிறனீரோ? வில்லங்கம் அதிலதான் எண்டு நினைக்கிறன்.

உள்ளுக்க இருக்கிறது தேன்வதை மாதிரிக் கண் வச்ச பீங்கான். ஒரு கண்ணுக்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துக் கண்ணுக்குப் பின்பக்கம். புகை நடுச்சுவரால புகுந்துதான் வெளிய போகும், கரி சுவரில நிண்டிடும். பாரத்தோட ஓடி 300 பாகை வந்தா, முன்னுக்கு இருக்கிற கட்டலிஸ்ட் உண்டாக்கிற நைதரசன் ஈரொட்சைட்டு (இரசாயனம் படிச்ச ஆக்களுக்குச் சொல்லுறன்) கரியைக் கொஞ்சம் கொஞ்சமா எரிக்கும். அதுக்கும் மேல கரி சேர்ந்தா, டீசலைப் பிந்தி விசிறி 600 பாகை மட்டில ஏத்தி எரிக்கும். சும்மா ஸ்டார்ட்டில நிக்கேக்க சூடு அந்தப் பக்கமே போகாது, கரி மட்டும் சேரும். ஓடேக்க எரியத் தொடங்கினதையும் மீன் இறக்க ஓஃப் பண்ணினா அரைகுறைதான்.

முல்லைக் கூலர்:
ஓம் அண்ணை, சில நாள் விடியுமட்டும் ஸ்டார்ட்டிலதான். இன்னொண்டு, ஒயில் டிப்ஸ்டிக்கில மேல ஏறி நிக்குது. நான் ஊத்தேல்லை.

மாங்குளத்தான்:
அப்ப ஒயிலை மாத்தாமல் ஓடாதையும்! எரிக்க விசிறின டீசல்தான் சிலிண்டர் சுவரால இறங்கி ஒயிலோட கலக்குது. ஒயில் இளகினா பேரிங் போகும். இன்னும் ஏறினா எஞ்சின் அந்த ஒயிலையே இழுத்துத் தன்பாட்டில ஓடும், திறப்பை எடுத்தாலும் நிக்காது.

புது ஒயில் ஜாசோ (ஜப்பான் ஒயில் தரம்) டிஎச்-2 ஓ டிஎல்-1 ஓ எண்டு லொறிப் புத்தகத்தில பார்த்து வாங்கும். மற்ற ஒயிலில சாம்பல் கூட. கரி எரியும், சாம்பல் எரியாது. டிபிஎஃப்பைக் கழட்டிப் பின்பக்கத்தால காத்தடிச்சுத்தான் சாம்பலை எடுக்கவேணும். பிரஷர் தண்ணி அடிக்க விடாதையும். டீசலும் சுப்பர் டீசலே அடியும், கந்தகம் குறைவு.

பிரீசரில கரண்ட் மோட்டர் இருந்தா கரையில பிளக் போட வழி பாரும். சுவிட்சை அமத்தேக்க காய்ஞ்ச புல்லு, வைக்கல் மேல நிக்காதையும், சைலன்சர் காத்தே பத்தவைக்கும். பிறகு டிபிஎஃப்க்கு முன்னும் பின்னும் அமுக்கம் பார்க்கிற சென்சரின்ர ரப்பர் குழாய் வெடிச்சிருக்கோ எண்டு பார்த்து எழுதும். அது நல்லா இருந்தா டீசல் விசிறுற இன்ஜெக்டரைக் கழட்டிப் பாப்பம்.