பேஷன் ஃப்ரூட் கொடியில இலை சுருளுது, காய் கட்டை மாதிரி ஆகுது, காப்பாத்த முடியுமா?

பந்தல்கொடி:
ரெண்டு வருஷமா நல்லா காய்ச்ச கொடிங்க. இப்ப வர்ற கொழுந்தெல்லாம் மேடும் பள்ளமுமா சுருங்கி வருது, வெயில்ல தூக்கிப் பிடிச்சா கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டா தெரியுது. காயும் கோணலா சின்னதா நிக்குது, ஒன்ன அறுத்துப் பாத்தேன் கத்தியே இறங்கல, உள்ள வெள்ளத்தோல் அவ்ளோ தடிமன், சாறு ஒரு ஸ்பூன் கூட தேறல. உரம் பத்தலையா? பக்கத்துல இன்னும் மூணு கொடி இருக்கு, அதான் பயமா இருக்கு.

மண்வாசம்:
நுண்ணூட்டக் குறைபாடா இருக்கும், ரெண்டு தடவ ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க. கூடவே சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய்.

இலைநரம்பு:
மண்வாசம் சார், சத்துக் குறைன்னா பெரும்பாலும் நரம்புக்கு நடுவுல ஒரே சீரா வெளுக்கும், இப்படி திட்டா கொப்பளிச்சு வராது. காயும் கட்டையாகுதுன்னா வுட்டினெஸ் (woodiness) வைரஸ்தான், அதாவது காய மரக்கட்டை மாதிரி ஆக்குற வைரஸ், பொட்டிவைரஸ் (Potyvirus) வகை. இதுக்கு மருந்தே கிடையாது. இதப் பரப்புற அசுவினிக்கு மருந்து அடிச்சா நோய் நிக்கும்னு நானும் நம்பிட்டு இருந்தேன், ஆனா அசுவினி வந்து ஒக்காந்து சில வினாடி குத்திப் பாத்தாலே வைரஸ் ஏறிடும், மருந்து பட்டு அது சாகுறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். அந்தக் கொடிய இன்னைக்கே வேரோட புடுங்கிடுங்க, அடிய மட்டும் விட்டா துளிர்க்கும், அந்தத் துளிர்லயும் வைரஸ் இருக்கும். கவாத்து கத்தரியையும் ப்ளீச்ல கழுவாம மத்த கொடிகிட்ட கொண்டு போகாதீங்க.

பந்தல்கொடி:
மனசே வரல. அதுல கட்டிங் எடுத்து வெச்சா புதுசா வராதா?

வேலியோரம்:
கட்டிங் வேண்டவே வேண்டாம்மா, நோயும் கூடவே வரும். விதை வழியா இது பரவுறதில்ல, நல்ல கொடியோட பழத்துல விதை எடுத்துப் போடுங்க. பிரேசில்ல நாத்த பூச்சிவலைக்குள்ளயே ஒரு மீட்டர் வரைக்கும் வளத்துதான் வெளிய நடுறாங்க, நோய் எவ்ளோ லேட்டா வருதோ அவ்ளோ காய் மிஞ்சும், சின்ன வயசுலயே வந்துட்டா அந்தக் கொடியில ஒன்னுமில்ல. அப்புறம் பந்தல் பக்கத்துல தட்டைப்பயறு போட்டிருக்கீங்களா? பிரேசில்ல இந்த நோய்க்கு முக்கிய காரணமே தட்டைப்பயறுலயும் வர்ற, இலையில திட்டு விழ வைக்கிற தேமல் வைரஸ்தான்.

பந்தல்கொடி:
ஐயோ, பந்தலுக்குக் கீழயே ஒரு வரிசை தட்டைப்பயறு இருக்குங்க. கொடியையும் அதையும் சேத்து எடுத்துடுறேன். மத்த மூணுலயும் தினம் கொழுந்த திருப்பிப் பாக்குறேன், திட்டு ஏதாவது தெரிஞ்சா போட்டோ போடுறேன்.